தோல் உரிந்த அளவுக்கும் ஒரு கோட் எண்! மெடிக்கல் கோடிங் எப்படி நடக்கிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் அடிக்கடி எழும் கேள்விகளில் ஒன்று, "மெடிக்கல் கோடிங் படிக்கலாமா?" என்பது. சென்னை, கோவை, திருச்சி போன்ற நகரங்களில் பல நிறுவனங்கள் அமெரிக்க மருத்துவமனைகளுக்காக இந்த வேலையைச் செய்து தருகின்றன. பேருந்து நிலையச் சுவரிலும், நாளிதழின் வரி விளம்பரங்களிலும் இதற்கான பயிற்சி அறிவிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் இது என்ன வேலை என்று கேட்டால், பலரும் கம்ப்யூட்டரில் ஏதோ எண்களை டைப் செய்வது என்ற அளவில்தான் சொல்கிறார்கள். சிலர் இதனை சாப்ட்வேர் எழுதும் புரோகிராமிங் வேலை என்றே நினைத்துக் கொள்கிறார்கள்.

இரண்டுமே சரியல்ல. மெடிக்கல் கோடிங் என்பது படித்துப் புரிந்து கொண்டு முடிவெடுக்கும் வேலை. இதனைப் பொதுவாக விளக்கினால் மனதில் நிற்காது. எனவே ஒரே ஒரு சிறிய பிரிவை மட்டும் எடுத்துக் கொண்டு, அது எப்படி நடக்கிறது என்று இங்கு பார்க்கலாம். தோல் சிவந்து, அழற்சி கண்டு, உரிந்து போகும் நோய்களுக்கு எப்படி கோட் எண் தருகிறார்கள் என்பதுதான் அது. கட்டுரையைப் படித்து முடித்ததும், உங்கள் கம்ப்யூட்டரிலேயே இதனைச் செய்து பார்க்கவும் வழி தரப்பட்டுள்ளது.

ஒரு சிறு குறிப்பு. கோட் எண்களில் வரும் ஆங்கில எழுத்துக்களை இங்கு தமிழிலேயே தந்துள்ளோம். கம்ப்யூட்டரில் தேடும்போது அவற்றை ஆங்கில எழுத்தாக டைப் செய்திடவும். "டி" என்று வரும் இடங்களில் அது டாக்டரில் வரும் டியா, டைகரில் வரும் டியா என்று குழம்பக் கூடாது என்பதற்காக, அந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறோம்.

கோடிங் என்றால் என்ன?

ஒருவர் மருத்துவமனைக்குச் செல்கிறார். டாக்டர் பரிசோதித்து, நோய் என்ன, எதனால் வந்தது, என்ன சிகிச்சை தரப்பட்டது என்று எழுதி வைக்கிறார். அமெரிக்காவில் இந்தச் செலவை பெரும்பாலும் இன்சூரன்ஸ் நிறுவனமோ அரசுத் திட்டமோ செலுத்துகிறது. பணம் கொடுப்பவர்கள் டாக்டரின் பக்கம் பக்கமான குறிப்புகளைப் படித்துக் கொண்டிருக்க முடியாது. ஒரே நோயை ஒரு டாக்டர் ஒரு பெயரிலும், இன்னொருவர் வேறு பெயரிலும் எழுதலாம். எனவே குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் அதற்கென உலகம் ஒப்புக்கொண்ட ஒரு எண்ணைத் தருகிறார்கள். இதுதான் கோடிங். இதைச் செய்பவர் கோடர்.

அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் திட்டம், 1983 முதல் மருத்துவமனையில் தங்கும் நோயாளிக்கு இத்தனை நாள், இத்தனை ஊசி என்று கணக்குப் பார்த்துப் பணம் தருவதில்லை. நோயாளி எந்த நோய்ப் பிரிவில் வருகிறார் என்று பார்த்து, அந்தப் பிரிவுக்கு உரிய தொகையைத் தருகிறது. அந்தப் பிரிவைத் தீர்மானிப்பது கோட் எண்கள். ஒரு எண் மாறினால் தொகையும் மாறலாம். அல்லது பில் திரும்பி வரலாம்.

ஐ.சி.டி. பிறந்த கதை

நோய்களுக்கு எண் தரும் பழக்கம் கம்ப்யூட்டருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1893ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடந்த சர்வதேச புள்ளியியல் கழகக் கூட்டத்தில், பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ழாக் பெர்டியோன் தயாரித்த இறப்புக் காரணங்களின் பட்டியல் ஏற்கப்பட்டது. ஒரு நாட்டில் எந்த நோயால் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை இன்னொரு நாட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அப்போதைய நோக்கம். 1948ல் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பொறுப்பை ஏற்றது. இறப்புக்கான காரணங்களுடன் நோய்களும் பட்டியலில் சேர்ந்தன. அதுதான் ஐ.சி.டி. பத்தாவது பதிப்பான ஐ.சி.டி.-10, 1990ல் ஏற்கப்பட்டது. பதினோராவது பதிப்பு 2019ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் அமெரிக்கா தன் தேவைக்கேற்ப ஐ.சி.டி.-10ஐ விரிவாக்கி, ஐ.சி.டி.-10-சி.எம். என்ற பதிப்பை வைத்திருக்கிறது. 2015 அக்டோபர் 1 முதல் அங்கு இதுதான் பயன்படுகிறது. அதற்கு முன் இருந்த ஐ.சி.டி.-9-சி.எம். பதிப்பில் நோய்களுக்குச் சுமார் 14,000 எண்கள் இருந்தன. புதியதில் சுமார் 70,000 இருக்கின்றன. இவ்வளவு எண்கள் எதற்கு என்று தோன்றுகிறதா? தோல் உரியும் நோய்களைப் பார்த்தால் காரணம் புரியும்.

எண்ணின் அமைப்பு

ஐ.சி.டி.-10-சி.எம். எண் ஒன்றில் குறைந்தது 3, அதிகபட்சம் 7 எழுத்துக்களும் இலக்கங்களும் இருக்கும். முதல் இடத்தில் எப்போதும் ஆங்கில எழுத்து. அது எந்தப் பிரிவு என்று காட்டும். தோல் நோய்கள் பெரும்பாலும் எல் என்ற எழுத்தில் தொடங்கும். முதல் மூன்று இடங்களுக்குப் பின் ஒரு புள்ளி. புள்ளிக்குப் பின் வருபவை நோயை மேலும் துல்லியமாக்கும்.

உங்கள் வீட்டு முகவரியைப் போல இதனை நினைத்துக் கொள்ளலாம். ஊர் பெயர் மட்டும் எழுதினால் கடிதம் வந்து சேராது. தெரு வேண்டும்; கதவு எண் வேண்டும். அதே போல எல்51 என்று மட்டும் எழுதினால் அது முழுமையான எண் ஆகாது. எல்51.2 என்று எழுதினால்தான் நோய் எது என்று தெரியும். சில நோய்களுக்கு மூன்று இடங்களே போதும். எல்00 அப்படிப்பட்ட ஒரு எண்.

தோல் உரிய வைக்கும் நோய்கள்

நம் தோலின் மேல் அடுக்கு, அடியில் உள்ள அடுக்கோடு இறுக ஒட்டியிருக்கிறது. சில நோய்களில் இந்தப் பிடிப்பு விட்டுப் போய், மேல் தோல் தாள் தாளாகக் கழன்று விடும். தீப்புண் பட்டது போலவே இருக்கும். ஆனால் நெருப்பு பட்டிருக்காது. முக்கியமான நோய்களும் அவற்றின் எண்களும்:

1. எல்00: ஸ்டெபைலோகாக்கஸ் கிருமியின் நச்சுப் பொருளால் வரும் தோல் உரிதல். பெரும்பாலும் கைக்குழந்தைகளையும் சிறு குழந்தைகளையும் தாக்கும். ரிட்டர் நோய் என்ற பெயரும் உண்டு. 1878ல் இதனை விவரித்த டாக்டரின் பெயர் அது.

2. எல்51.1: ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோம். 1922ல் அமெரிக்க டாக்டர்கள் ஸ்டீவன்ஸ், ஜான்சன் இருவரும் இரண்டு சிறுவர்களிடம் கண்டு எழுதியது.

3. எல்51.2: டாக்சிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ். சுருக்கமாக டென் என்பார்கள். 1956ல் ஸ்காட்லாந்து டாக்டர் ஆலன் லயல் இதனை விவரித்ததால் லயல் நோய் என்றும் சொல்வதுண்டு.

4. எல்51.3: மேலே உள்ள இரண்டும் ஒன்றோடொன்று கலந்த இடைநிலை.

இரண்டு முதல் நான்கு வரை உள்ளவை பெரும்பாலும் மருந்து ஒவ்வாமையால் வருபவை. வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசெபின், பெனிடாயின், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால், சல்பா வகை மருந்துகள் ஆகியவை அடிக்கடி காரணமாகச் சொல்லப்படுபவை. இந்த மருந்துகளைச் சாப்பிடும் கோடிக்கணக்கானவர்களில் மிகச் சிலருக்கு மட்டுமே இது வருகிறது. ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. டென் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரைக் காப்பாற்ற முடிவதில்லை.

எத்தனை சதவீதம் உரிந்தது?

ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சிண்ட்ரோமுக்கும் டென்னுக்கும் உள்ள வேறுபாடே உரிந்த தோலின் அளவுதான். உடல் பரப்பில் 10 சதவீதத்துக்குக் குறைவு என்றால் முதலாவது. 30 சதவீதத்துக்கு மேல் என்றால் டென். இடைப்பட்டது கலப்பு நிலை. 1993ல் வெளியான வகைப்பாடு இது. டாக்டர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

உரிந்த பரப்பு கூடக் கூட உடலில் இருந்து நீர் வெளியேறுவதும், கிருமி புகுவதும் கூடும். எனவே இந்த நோயாளிகளைத் தீக்காயப் பிரிவில் வைத்துப் பார்ப்பார்கள். செலவும் ஆபத்தும் இந்தச் சதவீதத்தைப் பொறுத்தே அமைவதால், அமெரிக்கப் பதிப்பில் இதற்கென்றே தனி வரிசை ஒன்றைச் சேர்த்தார்கள். 2008 அக்டோபர் 1ல் பழைய பதிப்பில் 695.50 முதல் 695.59 வரை 10 எண்கள் நடைமுறைக்கு வந்தன. புதிய பதிப்பில் அவையே எல்49 வரிசை ஆயின. அவை:

எல்49.0 - 10 சதவீதத்துக்குக் குறைவு
எல்49.1 - 10 முதல் 19 சதவீதம்
எல்49.2 - 20 முதல் 29 சதவீதம்
எல்49.3 - 30 முதல் 39 சதவீதம்
எல்49.4 - 40 முதல் 49 சதவீதம்
எல்49.5 - 50 முதல் 59 சதவீதம்
எல்49.6 - 60 முதல் 69 சதவீதம்
எல்49.7 - 70 முதல் 79 சதவீதம்
எல்49.8 - 80 முதல் 89 சதவீதம்
எல்49.9 - 90 சதவீதமும் அதற்கு மேலும்

இதை மனப்பாடம் செய்யவே வேண்டாம். சதவீதத்தின் பத்தாவது இட இலக்கம் எதுவோ, அதுதான் புள்ளிக்குப் பின் வரும். 42 என்றால் 4. 67 என்றால் 6. 100 மட்டும் விதிவிலக்கு, அதற்கும் 9.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10ல் இந்த எல்49 வரிசை கிடையாது. எல்51.3 எண்ணும் அதில் இல்லை. இவை அமெரிக்கப் பதிப்பில் மட்டுமே உள்ளவை. எனவே இண்டர்நெட்டில் தேடும்போது எந்தப் பதிப்பைப் பார்க்கிறோம் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். "கிடைக்கவில்லையே" என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பது வேறு பதிப்பாக இருக்கும்.

சதவீதத்தை யார் கணக்கிடுவது?

டாக்டர்தான். இதற்குத் தீக்காயப் பிரிவில் பயன்படும் ஒன்பதின் விதி உதவுகிறது. பெரியவர் ஒருவரின் உடல் பரப்பை இப்படிப் பிரிப்பார்கள்: தலையும் கழுத்தும் 9 சதவீதம். ஒவ்வொரு கையும் 9. மார்பும் வயிறும் சேர்ந்த முன்பகுதி 18. முதுகுப் பகுதி 18. ஒவ்வொரு காலும் 18. மறைவிடம் 1. கூட்டிப் பாருங்கள், 100 வரும். சிறு சிறு இடங்களை அளக்க, நோயாளியின் விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை ஒன்றை ஏறத்தாழ 1 சதவீதம் என்று கொள்வார்கள். குழந்தைகளுக்குத் தலை பெரிது, கால் சிறிது என்பதால் அவர்களுக்கு வேறு அட்டவணை உண்டு.

இந்த நோய்களில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. தோல் சிவந்திருக்கும் இடம் எல்லாம் கணக்கில் வராது. உரிந்து விட்ட இடமும், தொட்டால் உரியும் நிலையில் தளர்ந்து போன இடமும் மட்டுமே சேரும். நோயாளியைத் தொட்டுப் பார்த்தவருக்குத்தான் இது தெரியும். ஆயிரக்கணக்கான மைல் தொலைவில், கம்ப்யூட்டர் திரையின் முன் இருக்கும் கோடர் இதனை ஊகிக்கவே கூடாது.

ஒரு உதாரணம்

கற்பனையாக ஒரு நோயாளியை எடுத்துக் கொள்வோம். வயது 48. வலிப்புக்காக கார்பமசெபின் மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடத் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. காய்ச்சல், வாயில் புண், உடலெங்கும் எரிச்சலுடன் கூடிய சிவப்பு, பின் தோல் உரிதல். டாக்டர் எழுதிய குறிப்பு: "கார்பமசெபினால் ஏற்பட்ட டென். மார்பு, வயிறு முழுவதும், இரு கைகள் முழுவதும், காலில் ஆறு உள்ளங்கை அளவு. மொத்தம் 42 சதவீதம்."

கோடர் செய்ய வேண்டியவை:

முதல் எண்: நோய் எது? டென். எனவே எல்51.2.

அடுத்த எண்: எவ்வளவு உரிந்தது? 18ம், 18ம், 6ம் சேர்ந்து 42. டாக்டர் எழுதியதும் அதுவே. எனவே எல்49.4.

அதற்கடுத்த எண்: எந்த மருந்தால்? கார்பமசெபின் சேரும் மருந்துக் குடும்பத்துக்கான எண் டி42.1எக்ஸ்5ஏ. இதில் டி என்பது டைகரில் வரும் டி. எக்ஸ் என்பது வெறும் இடம் நிரப்பி. அதற்குப் பொருள் எதுவும் இல்லை. 5 என்பதுதான் முக்கியம். சரியான மருந்தைச் சரியான அளவில் சாப்பிட்டும் கெடுதல் நேர்ந்தது என்று அது சொல்கிறது. கடைசியில் உள்ள ஏ, நோய்க்கான சிகிச்சை இப்போது நடந்து கொண்டிருக்கிறது என்பதைக் காட்டும்.

இவற்றுடன் வாய்ப்புண், வலிப்பு நோய் ஆகியவற்றுக்கு உரிய எண்களும் சேரும். கண் பாதிக்கப்பட்டிருந்தால் அதற்கும் தனி எண் உண்டு.

இங்கு வரிசை முக்கியம். எல்49 எண் எப்போதும் தனியாகவோ முதலாவதாகவோ வரக் கூடாது. "முதலில் நோயின் எண்ணைத் தரவும்" என்ற குறிப்பு, எல்49 தலைப்பின் கீழேயே அச்சிடப்பட்டிருக்கிறது. அதே போல் எல்51 தலைப்பின் கீழ், "உரிந்த சதவீதத்துக்கு எல்49 எண்ணையும் சேர்க்கவும்" என்று இருக்கும். ஒரு எண் இன்னொன்றைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. இந்தக் குறிப்புகளைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்து எழுதுகிறவர் நல்ல கோடர் ஆக முடியாது.

சதவீதம் எழுதவில்லை என்றால்?

சிக்கல் இங்குதான் இருக்கிறது. டாக்டர் அவசரத்தில் "டென், தோல் அதிகமாக உரிந்துள்ளது" என்று மட்டும் எழுதிவிட்டார் என்று வைத்துக் கொள்வோம். எத்தனை சதவீதம் என்று குறிப்பு இல்லை. அளவு சொல்லப்படாத நிலைக்கும் எல்49 வரிசையில் இடம் தரப்பட்டிருக்கிறது. எந்த எண் தெரியுமா? எல்49.0. அதாவது 10 சதவீதத்துக்குக் குறைவு என்ற அதே எண்!

விளைவை யோசித்துப் பாருங்கள். பாதித் தோலை இழந்து உயிருக்குப் போராடியவர், பதிவேட்டில் உள்ளங்கை அளவு தோல் உரிந்தவருடன் ஒரே வரிசையில் நிற்பார். மருத்துவமனைக்குக் கிடைக்க வேண்டிய தொகை குறையலாம். அது மட்டுமல்ல, எல்51.2 என்றாலே 30 சதவீதத்துக்கு மேல் என்று பொருள். அதன் பக்கத்தில் எல்49.0 வந்தால், இரண்டு எண்களும் ஒன்றையொன்று பொய் என்று சொல்கின்றன. இதனைப் பார்க்கும் இன்சூரன்ஸ் நிறுவனம் சந்தேகப்படுவதில் வியப்பில்லை.

அனுபவமுள்ள கோடர் இங்கே நிற்பார். தானாகச் சதவீதத்தைப் போட மாட்டார். எல்49.0 போட்டுவிட்டு நகரவும் மாட்டார். டாக்டருக்குக் கேள்வி அனுப்புவார். இதற்குக் குவெரி என்று பெயர். "உரிந்த தோலின் அளவு எத்தனை சதவீதம் என்று குறிப்பிடவும்" என்று கேட்பார். "40 சதவீதம்தானே?" என்று பதிலை வாயில் திணிக்கக் கூடாது என்பதும் விதி. பதில் வந்த பிறகுதான் எண் போடுவார். இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிவதுதான் டைப்பிங் வேலைக்கும் கோடிங் வேலைக்கும் உள்ள தூரம்.

தோல் உரிந்தால் எல்லாம் எல்49 அல்ல

புதியவர்கள் தடுமாறும் இடங்கள் சில:

* வெயிலில் காய்ந்து தோல் உரிந்தால் அது எல்55 வரிசை.
* நெருப்பு, வெந்நீர் பட்ட புண்களுக்கு எல் வரிசையே கிடையாது. டைகரின் டியில் தொடங்கும் டி20 முதலான எண்கள். அதிலும் உடல் பரப்பின் சதவீதத்துக்கு டி31 என்று தனி வரிசை உண்டு. எல்49ஐப் பார்த்தவுடன் இது நினைவுக்கு வந்து குழப்பும்.
* சொரியாசிஸ் நோய் எல்40. அடோபிக் எக்சிமா எல்20. இவற்றிலும் செதில் செதிலாக உதிரும். ஆனால் எல்49 கேட்பதில்லை.
* உடல் முழுவதும் சிவந்து செதில் உதிரும் எக்ஸ்போலியேட்டிவ் டெர்மடைடிஸ் என்பது எல்26. பெயரில் உள்ள எக்ஸ்போலியேட்டிவ் என்ற சொல்லைப் பார்த்து எல்49 என்று நினைத்து விடக் கூடாது.
* காரணம் எதுவும் தெரியாமல் தோல் உரிகிறது என்ற அறிகுறி மட்டும் எழுதப்பட்டிருந்தால் ஆர்23.4. நோயின் பெயர் தெரிந்து விட்டால் இதனைப் பயன்படுத்தக் கூடாது.

உங்கள் கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள்

ஐ.சி.டி.-10-சி.எம். பட்டியலை அமெரிக்க அரசின் சி.டி.சி., சி.எம்.எஸ். ஆகிய இரண்டு அமைப்புகளின் இணைய தளங்களிலும் இலவசமாக டவுண்லோட் செய்திடலாம். பணம் கேட்கும் தளங்களுக்குப் போகத் தேவையில்லை. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 1ல் புதிய பட்டியல் நடைமுறைக்கு வரும். எனவே நடப்பு ஆண்டுக்கு உரியதா என்று பார்த்து எடுக்கவும்.

1. பைல் ஜிப் வடிவில் வரும். அதன் மீது மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து, எக்ஸ்ட்ராக்ட் ஆல் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். ஒரு போல்டர் கிடைக்கும்.

2. அதில் டேபுலர் லிஸ்ட் என்ற பெயருள்ள பி.டி.எப். பைலைத் திறக்கவும். கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி எப் கீயைத் தட்டினால் தேடும் கட்டம் வரும். எல்49 என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். மேலே சொன்ன 10 எண்களும், அவற்றின் தலைப்பில் உள்ள குறிப்புகளும் கிடைக்கும்.

3. எண்கள் மட்டும் அடங்கிய டெக்ஸ்ட் பைலும் தருகிறார்கள். இதனை நோட்பேடில் திறக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்கவும். இந்த பைலில் புள்ளி இருக்காது. எல்49.4 என்று தேடினால் கிடைக்காது. எல்494 என்று தேட வேண்டும்.

அடுத்து, சதவீதத்தைக் கொடுத்தால் எண்ணைத் தரும் ஒரு சிறிய அட்டவணையை எக்சலில் அமைக்கலாம். எக்சல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம்.

1. ஏ1 செல்லில் 0, ஏ2 செல்லில் 10 என்று டைப் செய்திடவும். இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தைப் பிடித்து ஏ10 வரை இழுக்கவும். 90 வரை தானாக நிரம்பும்.

2. பி1 செல்லில் எல்49.0 என்று டைப் செய்து, அதே போல பி10 வரை இழுக்கவும். எல்49.9 வரை வந்துவிடும்.

3. சி1 செல்லில் ஏதாவது சதவீதம் கொடுக்கவும். 42 என்று வைத்துக் கொள்வோம்.

4. சி2 செல்லுக்கு வந்து, பார்முலா பட்டையின் இடப்புறம் உள்ள பங்க்ஷன் ஐகானைக் கிளிக் செய்து விலுக்கப் பங்க்ஷனைத் தேர்ந்தெடுக்கவும். நான்கு கட்டங்கள் வரும். முதல் கட்டத்தில் கர்சரை வைத்து சி1 செல்லைக் கிளிக் செய்திடவும். இரண்டாவது கட்டத்துக்கு ஏ1 முதல் பி10 வரை மவுஸால் தேர்ந்தெடுக்கவும். மூன்றாவதில் 2. நான்காவதில் 1. ஓகே அழுத்தவும்.

எல்49.4 என்று விடை வரும். சி1ல் 9.5, 30, 100 என்று மாற்றிப் பாருங்கள். முறையே எல்49.0, எல்49.3, எல்49.9 வர வேண்டும். நான்காவது கட்டத்தில் தந்த 1, "சரியான எண் இல்லாவிட்டால் அதற்குக் கீழ் உள்ளதை எடு" என்று எக்சலுக்குச் சொல்கிறது. அங்கு 0 கொடுத்தால் 42க்கு விடை வராமல் பிழைச் செய்தி வரும். இதே முறையில் மின் கட்டண அடுக்கு, மாணவர் கிரேடு ஆகியவற்றுக்கும் அட்டவணை அமைக்கலாம்.

சி1 செல்லைக் காலியாக விட்டும் பாருங்கள். எக்சல் காலியிடத்தை 0 என்று எடுத்துக் கொண்டு எல்49.0 என்று சொல்லும்! டாக்டர் சதவீதம் எழுதாதபோது நடப்பதும் இதேதான். தகவல் இல்லை என்பதைக் கம்ப்யூட்டர் குறைவு என்று எடுத்துக் கொள்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மனிதர் தேவைப்படுகிறார். குறிப்புகளைப் படித்து எண் தரும் சாப்ட்வேர்கள் இன்று நிறைய வந்துவிட்டன. அவற்றைச் சரிபார்க்கும் இடத்துக்குக் கோடரின் வேலை நகர்ந்து கொண்டிருப்பதும் இதனால்தான்.

பணத்துக்கு அப்பால்

கோட் எண்கள் பில்லோடு முடிந்து விடுவதில்லை. மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எப்.டி.ஏ., சென்டினல் என்ற திட்டத்தின் மூலம் இன்சூரன்ஸ் கோரிக்கைத் தகவல்களை ஆராய்ந்து, சந்தையில் உள்ள மருந்துகளால் யாருக்கு என்ன கெடுதல் நேர்கிறது என்று கவனிக்கிறது. மிக அரிதாக வரும் ஒரு நோயைப் பல கோடி பதிவுகளில் தேட, கோட் எண்தான் கைவிளக்கு. டாக்டர் மருந்தின் பெயரை எழுதியிருந்தும் கோடர் அந்த எண்ணை விட்டுவிட்டால், அந்த விளக்கில் ஒரு பொறி அணைந்து போகிறது.

இது நமக்கும் தொடர்பில்லாத செய்தி அல்ல. கார்பமசெபினால் வரும் இந்த நோய்க்கும் ஹெச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகைக்கும் உள்ள தொடர்பை 2004ல் தைவான் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இந்த மரபணு வகை ஆசிய மக்களிடம் அதிகம் காணப்படுவதால், ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைத் தொடங்கும் முன் பரிசோதனை செய்யுமாறு 2007 டிசம்பரில் எப்.டி.ஏ. அறிவுறுத்தியது. புதிய மருந்து ஒன்றைத் தொடங்கிய சில நாட்களில் அல்லது சில வாரங்களில் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, வலியுடன் கூடிய தடிப்பு சேர்ந்து வந்தால், எண்ணைத் தேடிக் கொண்டிருக்க வேண்டாம். மாத்திரைச் சீட்டையும் கையில் எடுத்துக் கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

வேலைக்குப் போக விரும்புவோருக்கு

* உயிரியல், மருந்தியல், நர்சிங், பிசியோதெரபி படித்தவர்களுக்கு இது எளிதாக வரும். மற்றவர்கள் உடற்கூறு, நோய்களின் பெயர் ஆகியவற்றை முதலில் படிக்க வேண்டும்.
* அமெரிக்காவின் ஏ.ஏ.பி.சி. நடத்தும் சி.பி.சி., ஏ.ஹெச்.ஐ.எம்.ஏ. நடத்தும் சி.சி.எஸ். ஆகிய தேர்வுகளுக்கு மதிப்பு உண்டு. கட்டணத்தை அந்த அமைப்புகளின் தளத்தில் நேரடியாகப் பார்த்துக் கொள்ளவும்.
* சிகிச்சை முறைகளுக்கான சி.பி.டி. எண்கள் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் காப்புரிமை உடையவை. அவற்றை இலவச பி.டி.எப். என்று தரும் தளங்களில் வைரஸ்தான் இலவசமாகக் கிடைக்கும்.
* "டெபாசிட் கட்டினால் வீட்டிலிருந்தே கோடிங் வேலை" என்று வரும் மெயில்களை நம்ப வேண்டாம். உண்மையான நிறுவனம் உங்களுக்குச் சம்பளம் தரும். உங்களிடம் பணம் கேட்காது.
* நோயாளியின் குறிப்புகள் ரகசியமானவை. 1996ல் வந்த ஹிப்பா என்ற அமெரிக்கச் சட்டம் இதில் கண்டிப்பானது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் அவற்றை பென் டிரைவில் எடுப்பதோ, திரையைப் படம் பிடித்து நண்பருக்கு அனுப்பிச் சந்தேகம் கேட்பதோ கூடாது.

இத்துறையில் நுழைய நினைப்பவர்கள், பயிற்சிக் கட்டணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் மேலே சொன்ன டேபுலர் லிஸ்ட்டை டவுண்லோட் செய்து படித்துப் பாருங்கள். தினமும் ஒரு நோயை எடுத்துக் கொண்டு, அதன் எண்ணையும், அதன் கீழ் உள்ள "முதலில் இதைத் தரவும்", "இதையும் சேர்க்கவும்", "இதனோடு சேர்க்கக் கூடாது" என்ற குறிப்புகளையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அது சலிப்பாக இருந்தால் இந்த வேலை உங்களுக்கு ஒத்து வராது, பணம் மிச்சம். அடுத்த குறிப்பையும் பார்க்கலாமே என்று கை தானாகப் போனால், தைரியமாகச் சேரலாம்.